11-ல் அடம்பிடிக்கும் கப்பா

காகிதக் கூழ் ஆலையின் ஷிப்ட் பதிவேட்டில் எல்லோர் கண்ணும் முதலில் போய் நிற்கும் இடம் கப்பா எழுதும் கட்டம்தான். மர இழைகளை ஒட்டவைக்கும் லிக்னின் கூழில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டுவதாக நம்பப்படும் எண் அது. மரச்சில்லைக் காரத்தில் வேகவைக்கும் டைஜஸ்டரிலிருந்து கூழ் வெளியே வந்ததும் ஒரு கப்பா, லிக்னினை மேலும் கரைக்கும் ஆக்சிஜன் கட்டம் தாண்டியதும் ஒரு கப்பா, கூழை வெளுக்கும் பிளீச்சிங்கின் முதல் காரக் கழுவலுக்குப் பின் இன்னொன்று. அந்த எண்ணை 0.15-ஆல் பெருக்கினால் கூழில் மிஞ்சியிருக்கும் லிக்னின் சதவீதம் கிடைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கப்பா 17 என்றால் லிக்னின் 2.55 சதவீதம். பைன் மரத்தை வேகவைக்கும் ஆலையில் இந்தப் பெருக்கலை ஓரளவு நம்பலாம். சவுக்கும் தைலமரமும் வேகும் ஆலையில் நம்பினால் காசு போகும். இது ஏறக்குறைய 30 ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் ஷிப்ட் மாறும்போது "கப்பா எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை லிக்னினாகவே புரிந்துகொள்ளும் பழக்கம் போகவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்தோடு ஒரு சண்டை.

சண்டை வழக்கமாகத் தொடங்கும் இடம் ஆக்சிஜன் கட்டம். டைஜஸ்டர் கப்பா 17, கழுவி ஆக்சிஜன் ரியாக்டர் வழியாக அனுப்பிய பிறகு 11. குறைந்தது 35 சதவீதம். பின்லாந்து, ஸ்வீடன் பைன் ஆலைகளில் இதே கட்டம் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எனவே "நம்ம ஆக்சிஜன் சரியா வேலை செய்யலை" என்ற முடிவுக்கு வருவது சுலபம். அடுத்து நடப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு டன் கூழுக்கு 18 கிலோ போய்க்கொண்டிருந்த காஸ்டிக்கை (சோடியம் ஹைட்ராக்சைடு) 24-க்கு ஏற்றுவார்கள். 95 டிகிரியை 102 ஆக்குவார்கள். மிக்ஸரைத் திறந்து பார்ப்பார்கள், ஆக்சிஜன் குமிழ்கள் பெரிதாகப் போகின்றனவா என்று விவாதிப்பார்கள். கப்பா 11-லிருந்து 10.4-க்கு வரும். செல்லுலோஸ் சங்கிலியின் நீளத்தைக் காட்டும் விஸ்காசிட்டி மட்டும் சறுக்கிக்கொண்டே போகும். கார ஊடகத்தில் ஆக்சிஜன் வினைபுரியும்போது ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் உருவாகின்றன. இரும்பு, தாமிரம், மாங்கனீஸ் அயனிகள் கூழில் இருந்தால் இன்னும் அதிகமாக. அவற்றுக்கு லிக்னின், செல்லுலோஸ் என்ற பேதம் கிடையாது. மெக்னீசியம் சல்பேட் போட்டால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். சங்கிலி அறுந்த செல்லுலோஸின் பலவீனம் சில மணி நேரம் கழித்துக் காகிதத்தின் கிழிவலிமையில் தெரியும்போது, பழி, இழையை அரைக்கும் ரீஃபைனர் மீது விழும்.

கப்பா ஏன் 11-க்குக் கீழே இறங்கவில்லை? இறங்க மறுப்பதில் பெரும்பகுதி லிக்னினே இல்லை. இல்லாத லிக்னினை ஆக்சிஜன் எப்படி அகற்றும்?

பத்து நிமிடச் சோதனை

கப்பா எண் எப்படி வருகிறது என்பதை ஒருமுறை மேசையருகே நின்று பார்த்தால் பாதிக் குழப்பம் தெளியும். கழுவி, சல்லடையில் முடிச்சும் சிராயும் நீக்கிய கூழை எடுக்கிறோம். ஈரம் நீக்கிய எடைக் கணக்கில் எவ்வளவு எடுப்பது என்பது எதிர்பார்க்கும் கப்பாவைப் பொறுத்தது. ஊற்றும் பெர்மாங்கனேட்டில் பாதி செலவாக வேண்டும் என்பது விதி. கப்பா 17-க்கு 50-ஐ 17-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 கிராம். அதை நீரில் இழை இழையாகப் பிரித்து, 0.1 நார்மல் பெர்மாங்கனேட் 100 மி.லி., 4 நார்மல் கந்தக அமிலம் 100 மி.லி. சேர்த்து, மொத்தம் 1 லிட்டராக 25 டிகிரியில் 10 நிமிடம் கலக்குகிறோம். பத்தாவது நிமிடம் பொட்டாசியம் அயோடைடு ஊற்றியதும் ஊதா மறைந்து அயோடினின் பழுப்பு வரும். தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்து, வெளிர் மஞ்சளானதும் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும் துளியில் நிறுத்துகிறோம். ஒரு கிராம் கூழ் தின்ற பெர்மாங்கனேட், மி.லி. கணக்கில், பாதிச் செலவுக்குத் திருத்திய பிறகு: அதுதான் கப்பா.

இதில் தவறு நடக்கும் இடங்கள் பல. கூழ் சரியாகக் கழுவப்படாமல் சமையலில் மிஞ்சும் கருப்புக் கரைசலான பிளாக் லிக்கர் ஒட்டியிருந்தால் எண் ஏறும். பெர்மாங்கனேட் செலவு 30 முதல் 70 சதவீதத்துக்கு வெளியே போனால் முடிவைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு எடையில் மறுபடி செய்ய வேண்டும். வெப்பநிலையைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரிக்கும் திருத்தம் 1.3 சதவீதம். தண்ணீர்த்தொட்டி இல்லாமல் அறை வெப்பத்தில், 30 டிகிரியில் செய்தால் உண்மையான 17 உங்களுக்கு 18.2 ஆகத் தெரியும். அந்தத் திருத்தச் சூத்திரமும் 20 முதல் 30 டிகிரி வரைதான் செல்லும். மே மாதத்து ஆய்வகத்தில் 34 டிகிரியில் செய்துவிட்டுச் சூத்திரம் போடுவது கணக்கு ஆகாது.

ஆனால் இவை கைப்பிழைகள். கையில் பிழையே இல்லாமல் செய்தாலும் ஒன்று மிஞ்சும். பெர்மாங்கனேட்டுக்கு லிக்னினை அடையாளம் தெரியாது. கார்பன் இரட்டைப் பிணைப்பு எங்கே இருந்தாலும் போய்த் தாக்கும். லிக்னினின் வளையங்களில் அது ஏராளம் என்பதால் லிக்னினை அளப்பதுபோல் தோன்றுகிறது. டாஸ்மன், பெர்சின்ஸ் இருவரும் 1957-ல் இந்தச் சோதனையை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தபோது, கூழில் இரட்டைப் பிணைப்போடு வேறு ஏதாவது கணிசமாக இருக்கும் என்று சந்தேகிக்க வலுவான காரணம் எதுவும் இல்லை.

1963-ல் ஊகம், 1995-ல் சாட்சி

ஆனால் கூழில் அப்படி ஒன்று இருந்தது. அதன் பெயர் ஹெக்ஸெனுரானிக் அமிலம், வேலைக்காரர்கள் வாயில் ஹெக்ஸ்-ஏ. அது மரத்தில் கிடையாது, டைஜஸ்டரில் பிறக்கிறது. மரத்தின் சைலான் என்ற ஹெமிசெல்லுலோஸ் சங்கிலியில் அங்கங்கே 4-ஓ-மெதில்குளுகுரானிக் அமிலம் கிளையாகத் தொங்குகிறது. சமையல் கரைசலான வொயிட் லிக்கரின் காரமும் சூடும் சேர்ந்து அதிலிருந்து ஒரு மெத்தனால் மூலக்கூறைப் பிடுங்கிவிடும். பிடுங்கிய இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்து உட்காரும். சமையல் உச்ச வெப்பநிலையை எட்டுவதற்குள்ளேயே இதில் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது. பைன் போன்ற மென்மரங்களில் சைலான் 5 முதல் 10 சதவீதம். சவுக்கு, தைலமரம் போன்ற ஹார்ட்வுட் வகையில் 15 முதல் 30 சதவீதம். தொல்லை ஏன் நம் பக்கம் அதிகம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்படி ஒரு வினை நடக்கும் என்று கிளேட்டன் 1963-லேயே எழுதிவிட்டார். பின்லாந்தின் டெலெமன், டென்கனென், புக்கெர்ட், வுவோரினென் ஆகியோரின் குழு கிராஃப்ட் கூழிலேயே (காரமும் சல்பைடும் சேர்த்து வேகவைத்த கூழ்) அதைப் பிடித்துக் காட்டியது 1995-ல். இடையில் 32 ஆண்டுகள். இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடைவெளி இதுதான். காரணம் சோம்பல் இல்லை, சோதனை முறை. கூழில் என்னென்ன சர்க்கரை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் முதல் வேலையாகக் கூழை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சங்கிலிகளை உடைப்பார்கள். ஹெக்ஸ்-ஏ அமிலத்தில் தாங்காது. சூடான அமிலம் பட்டால் ஃபியூரான் சேர்மங்களாகச் சிதைந்து கரைசலோடு போய்விடும். தேடப் போனவர்கள் ஒவ்வொரு முறையும் தேடும் பொருளை அழித்துவிட்டுத்தான் தேடியிருக்கிறார்கள். லிக்னினை நேரடியாக எடைபோடும் கிளாசன் முறையிலும் 72 சதவீத கந்தக அமிலம். அங்கேயும் அது தப்பாது. பின்லாந்துக் குழு அமிலத்தை ஒதுக்கிவிட்டு நொதிகளை வைத்து மென்மையாகச் சைலானைத் துண்டாக்கியது. துண்டுகளை, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் வைத்ததும் அந்த இரட்டைப் பிணைப்பு தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமில் கெல்லெர்ஷ்டெட், லி இருவரும் அதற்குக் கப்பாவில் ஒரு விலை போட்டார்கள். ஒரு கிலோ கூழில் 10 மில்லிமோல் ஹெக்ஸ்-ஏ இருந்தால் கப்பாவில் சுமார் 0.85 ஏறும்.

யூகலிப்டஸ் கிராஃப்ட் கூழில் 40 முதல் 65 மில்லிமோல் வரை இருப்பது சாதாரணம். 55 என்று வைத்துக்கொண்டு அந்தப் பதிவேட்டை மறுபடி திறப்போம். 55-க்கு கப்பா 4.7. லிக்னினும் இல்லாத, ஹெக்ஸ்-ஏவும் இல்லாத உதிரிச் சேர்மங்கள் ஒன்றேகால் அளவு எடுத்துக்கொள்ளும், 1.3 என்று வைப்போம். மொத்தம் 6. டைஜஸ்டர் வாயிலில் 17 என்றால் உண்மையான லிக்னினின் பங்கு 11. ஹெக்ஸ்-ஏவைக் கார ஆக்சிஜன் தொடுவதே இல்லை, எனவே ரியாக்டரைத் தாண்டியும் அந்த 6 அப்படியே வரும். 11 என்று பதிவான இடத்தில் லிக்னின் 5 மட்டும். அதாவது 11-லிருந்து 5: குறைந்தது 55 சதவீதம். பைன் ஆலைக்காரன் பெருமைப்படும் அதே அளவு. வேலை செய்யவில்லை என்று திட்டு வாங்கிய ஆக்சிஜன் ரியாக்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. அதற்கு மேல் ஏற்றிய 6 கிலோ காஸ்டிக் முழுவதும் செல்லுலோஸைத் தின்னப் போட்ட தீனி.

டைஜஸ்டரில் குறைக்கலாமே என்பார்கள்

பதினேழை டைஜஸ்டரிலேயே பதினைந்தாக்கினால் என்ன என்ற கேள்வி உடனே வரும். ஷிப்டின் திறமையைக் கப்பாவால் மதிப்பிடும் ஆலைகளில் இது கேள்வியாகக்கூட வராது, செயலாகவே நடந்துவிடும். சமையலின் வெப்பத்தையும் நேரத்தையும் ஒரே எண்ணாக்கிச் சொல்லும் எச்-ஃபேக்டரை நூறு ஏற்றினால் போதும். 100 டிகிரியில் வினைவேகம் 1 என்று வைத்தால் 160-ல் 400, 165-ல் 610, 170-ல் 925-ஐத் தாண்டும். ஒரு மணி நேரம் அந்த வெப்பநிலையில் நின்றால் சேரும் எச்-ஃபேக்டரும் அவ்வளவே. 5 டிகிரி தவறாகக் காட்டும் சென்சார் ஒன்றரை மடங்கு சமையலைச் சத்தமில்லாமல் செய்துவிடும் என்பது கிளைக் கதை.

நீட்டித்த சமையலில் கப்பா குறையத்தான் செய்யும். எதிலிருந்து குறைகிறது என்பதுதான் பிரச்சினை. லிக்னினில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகு மிஞ்சுவது அசையாது. அந்தக் கட்டத்தில் காரம் லிக்னினைவிடக் கார்போஹைட்ரேட்டைத்தான் வேகமாகக் கரைக்கிறது. ஹெக்ஸ்-ஏ கொஞ்சம் சிதைகிறது, அதைச் சுமந்த சைலானும் கரைந்து பிளாக் லிக்கரில் போகிறது. பதிவேட்டில் 15 என்று அழகாக விழும். விலைகொடுத்து வாங்கிய மரத்தின் ஒரு பகுதி பிளாக் லிக்கரோடு சேர்ந்து ரிக்கவரி பாய்லரில் எரிகிறது. இங்கே ஹெக்ஸ்-ஏவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். அது உட்கார்ந்த சைலான் சங்கிலி சங்கிலியை நுனியிலிருந்து கழற்றும் காரத்தின் உரிப்பு வினைக்கு எளிதில் பலியாவதில்லை. ஹெக்ஸ்-ஏ அதிகம் என்றால் பெரும்பாலும் சைலான் தங்கியிருக்கிறது, யீல்டு (மரத்திலிருந்து கிடைக்கும் கூழின் அளவு) தங்கியிருக்கிறது என்று பொருள். டைஜஸ்டரில் அதை விரட்டப் போகிறவர் வீட்டுக்குள் எலி இருக்கிறது என்று கூரையைப் பிரிக்கிறார்.

டைஜஸ்டரில் பார்க்க வேண்டியவை வேறு. சில்லின் தடிமன் 8 மி.மீ. தாண்டினால் காரம் நடுவரை போகாது, வெளியே வெந்து உள்ளே வேகாமல் வரும். சமையல் முடியும்போது லிக்கரில் மீதிக் காரம் லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கரைந்த லிக்னின் இழையின் மேலேயே திரும்பப் படியும். அந்த லிக்னின் பிளீச்சிங்கில் படுத்தும் பாடு தனிக்கதை.

சூடான அமிலம்

32 ஆண்டுகள் கண்ணில் படாமல் போனதற்கு எது காரணமோ அதுவே மருந்தும் ஆயிற்று. அமிலத்தில் தாங்காது என்றால் அமிலத்தில் போடு. பிஎச் 3 முதல் 3.5, வெப்பநிலை 95 டிகிரி, இரண்டு மணி நேரம் ஒரு டவரில் நிறுத்திவைத்தால் ஹெக்ஸ்-ஏவில் பாதிக்கு மேல் போய்விடும். இதைத் தனிக் கட்டமாகவும் வைக்கலாம், முதல் குளோரின் டை ஆக்சைடு கட்டத்தையே சூடாக ஓட்டியும் செய்யலாம். இரண்டாவது வழியின் சாமர்த்தியம் இது: குளோரின் டை ஆக்சைடு லிக்னினோடு சில நிமிடங்களுக்குள் வினைபுரிந்து தீர்ந்துவிடும். மிச்ச நேரம் முழுவதும் டவரில் இருப்பது வெறும் சூடான அமிலக் கூழ். பிரேசிலின் யூகலிப்டஸ் ஆலைகள் இரண்டு வழியிலும் ஓடுகின்றன.

லாபத்தைக் கணக்கிடுவோம். கப்பா 11-க்கு ஃபேக்டர் 0.22 போட்டால், அதாவது ஒரு கப்பாவுக்குக் கூழ் எடையில் 0.22 சதவீதம் என்றால், டன்னுக்கு 24.2 கிலோ ஆக்டிவ் குளோரின் (வெளுக்கும் திறனைக் குளோரின் எடையில் சொல்லும் கணக்கு). குளோரின் டை ஆக்சைடாக 2.63-ஆல் வகுத்தால் 9.2 கிலோ. அமிலத்தில் ஹெக்ஸ்-ஏ 60 சதவீதம் போனால் கப்பா 8.2-க்கு வரும், தேவை 6.9 கிலோ. டன்னுக்கு 2.3 கிலோ மிச்சம். நாளைக்கு 500 டன் ஓடும் ஆலையில் 1,150 கிலோ. ஒரு கிலோ குளோரின் டை ஆக்சைடு செய்ய 1.6 கிலோ அளவு சோடியம் குளோரேட் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கழிவுநீரும் லேசாகும். குளோரின் டை ஆக்சைடு லிக்னினைத் தாக்கும்போது இடையில் ஹைப்போகுளோரஸ் அமிலம் பிறக்கிறது, ஹெக்ஸ்-ஏ அதைத்தான் விழுங்குகிறது. கழிவில் ஏறும் கரிமக் குளோரினில் ஒரு பங்கு இந்த வழியில் வருவது.

ஓசியில் எதுவும் வராது. 11 சதவீத கன்சிஸ்டென்சியில், அதாவது நூறு பங்குக் கலவையில் 11 பங்கு உலர்ந்த கூழ் என்றால், ஒரு டன் கூழோடு 8 டன் நீர் சேர்ந்து வருகிறது. அதை 65-லிருந்து 95 டிகிரிக்கு ஏற்ற ஒரு கிகாஜூல், நீராவியில் அரை டன்னுக்குச் சற்றே குறைவு. கூழிலிருந்து வடியும் சூடான ஃபில்ட்ரேட்டிலிருந்து வெப்பத்தை மீட்காத ஆலையில் மிச்சப்பட்ட குளோரேட்டின் காசை நீராவி தின்னும். அதனால் நீராவி வால்வைக் கொஞ்சம் மூடுவோமே என்று யாராவது 85-க்கு இறக்குவார்கள். இந்த வினை வெப்பத்துக்கு மிகவும் கட்டுப்பட்டது. 10 டிகிரி இறங்கினால் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். அதே இரண்டு மணி நேரத்தில் 60 சதவீதம் போக வேண்டிய இடத்தில் 26 சதவீதம்தான் போகும். டவர் மட்டத்தைப் பாதியில் ஓட்டினாலும் இதே கதிதான். இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிடும், 60 என்பது 37 ஆகிவிடும். நீராவியும் அமிலமும் செலவாகும், பலன் தெரியாது, பிறகு "அந்த ஸ்டேஜ் நமக்கு ஒத்துவரலை" என்று பைபாஸ் போட்டுவிடுவார்கள்.

பிஎச் இன்னொரு பொறி. மீட்டர் பெரும்பாலும் டவருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும். அங்கே 3 என்று காட்டும். ஆக்சிஜன் கட்டத்தின் கழுவல் சரியில்லாமல் கரைந்த கரிமமும் சோடாவும் கூழோடு வந்திருந்தால், இழைக்குள் இருப்பது மெதுவாக வெளியே வந்து அமிலத்தைத் தின்றுகொண்டே போகும். டவரை விட்டு வெளியே வரும் இடத்தில் கையால் அள்ளிப் பிழிந்து பார்த்தால் 4. அந்த பிஎச்சில் வினை நகராது. அமிலத்தைக் கூட்டி 2.5-க்குக் கீழே தள்ளினால் செல்லுலோஸே உடையத் தொடங்கும். கழுவலைச் சரிசெய்யாமல் அமிலத்தைக் கூட்டுவது கணக்குக்கு உதவாது. ஃபில்ட்ரேட்டில் குளோரைடு சுற்றும் ஆலையில் 316 எஃகுக் குழாய் சூடான அமிலத்தில் குழி விழுந்து ஓட்டையாகும் என்பதையும் திட்டமிடும்போதே பார்த்துவிட வேண்டும்.

எந்த முடிவுக்கும் முன்னால் ஹெக்ஸ்-ஏ எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மெர்குரிக் குளோரைடும் சோடியம் அசிட்டேட்டும் கலந்த கரைசலில் 60 டிகிரியில் அரை மணி வைத்து, புற ஊதாவில் 260, 290 நானோமீட்டர் இரண்டிலும் அளக்கும் முறை துல்லியமானது. பாதரசக் கழிவை எங்கே கொட்டுவது என்று யோசிக்காத ஆய்வகம் அதைத் தொடக்கூடாது. அவ்வளவு துல்லியம் வேண்டாம் என்றால், நன்றாகக் கழுவிய கூழை பிஎச் 3.5 ஃபார்மேட் பஃபரில் மூடிய கலனில் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கழுவி, மறுபடி கப்பா பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட ஹெக்ஸ்-ஏவின் பங்கு. வாரம் ஒருமுறை செய்தால் போதும். மரக்கலவை மாறும்போது மட்டும் கூடுதலாக ஒருமுறை. கரும்புச் சக்கைக் கூழை மரக்கூழோடு கலந்து ஓட்டும் ஆலைகள் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சக்கையின் சைலானில் அந்த அமிலக் கிளை குறைவு, ஹெக்ஸ்-ஏவும் குறைவு. ஒன்றின் கப்பாவை வைத்து இன்னொன்றுக்கு டோஸ் போட முடியாது.

இந்தச் சோதனையெல்லாம் செய்யாத ஆலையிலும் ஹெக்ஸ்-ஏ ஒரு வழியில் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆக்சிஜனேற்றம் அடைந்த ஹெக்ஸ்-ஏவிலிருந்து ஆக்சாலிக் அமிலம் வருகிறது. பட்டையோடு வந்த கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டு, பிஎச் ஏறும் இடங்களில், முக்கியமாகக் காரக் கட்டத்துக்கு முந்தைய வாஷரிலும் அதன் ஃபில்ட்ரேட் குழாயிலும், வெள்ளையாகக் கல்போல் படியும். வருடாந்திர நிறுத்தத்தில் அதைச் சுத்தியலால் தட்டி எடுக்கும்போது ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நுரைத்துப் பொங்குவது கால்சியம் கார்பனேட். என்ன செய்தாலும் கரையாதது பேரியம் சல்பேட். லேசாகச் சூடாக்கியதும் நுரையே இல்லாமல் அமைதியாகக் கரைந்தால் அது ஆக்சலேட். பதிவேட்டில் இத்தனை நாளும் லிக்னின் என்று எழுதி வந்ததில் ஒரு பங்கு அந்தத் துண்டில் இருக்கிறது.